காது முந்தட்டும்: நடுநிலை வகுப்புகளில் ஃபிரெஞ்சு

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஃபிரெஞ்சு நோட்டு என் மேசையில் இருந்தது. ‘எத்ர்’, ‘அவ்வார்’ என்ற இரண்டு அடிப்படை வினைகளையும் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஆறு வரியில் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. அவளைக் கூப்பிட்டு, உனக்கு என்ன வயது என்று ஃபிரெஞ்சில் கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, “அது எந்த லெசன்ல வருது மிஸ்?” என்றாள். அந்த நோட்டைத் திருத்தி ‘வெரி குட்’ போட்டிருந்தவள் நான்தான்.

ஓராண்டு முழுக்கப் படித்த பிள்ளைக்குத் தன் வயதைச் சொல்ல வாய் வரவில்லை என்றால் குறை எங்கே இருக்கிறது? தொடங்கிய வயதிலா, கிடைத்த நேரத்திலா, பாடம் சொன்ன விதத்திலா, பரீட்சையிலா? இந்தக் கேள்விகளுக்கு உலகத்தில் பலர் விடை தேடியிருக்கிறார்கள். அவற்றை நம் வகுப்பறையில் வைத்துப் பார்க்கிறபோது, நாம் கையிலேயே வைத்துக்கொண்டு பயன்படுத்தாத ஒன்று தெரிகிறது. அது தமிழ்.

முதலில் நம் ஊர் நிலவரம். 1968 முதல் தமிழ்நாட்டில் இருமொழிக் கொள்கை நடப்பில் இருப்பதால் அரசுப் பள்ளியின் நடுநிலை வகுப்புகளில் ஃபிரெஞ்சுக்கு இடமில்லை. தனியார் சிபிஎஸ்இ, மெட்ரிக் பள்ளிகளில்தான் ஐந்து அல்லது ஆறாம் வகுப்பில் மூன்றாம் மொழியாக அது நுழைகிறது. ஒரு காலத்தில் பிளஸ் டூவில் தமிழுக்குப் பதில் ஃபிரெஞ்சு எடுத்தால் 200க்கு 190க்கு மேல் அள்ளலாம் என்ற நம்பிக்கை நகரத்துப் பெற்றோரிடம் வேரூன்றியிருந்தது. தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் கீழ்வகுப்புகளில் அந்தக் கணக்கு மாறியது. ஆனால் மனப்போக்கு மாறவில்லை. இன்றும் ஜூன் மாதப் பெற்றோர் கூட்டத்தில் எனக்கு வரும் முதல் கேள்வி, “மிஸ், இதுல சென்டம் வருமா?” என்பதுதான். பிள்ளை இந்த மொழியில் என்ன பேசுவான் என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

புதுச்சேரி கதை வேறு. 1954 நவம்பர் 1 வரை அங்கே நடந்தது ஃபிரெஞ்சு ஆட்சி. 1826இல் தொடங்கிய லிசே இன்றும் ஃபிரெஞ்சுப் பாடத்திட்டத்தில் நடக்கிறது. ஃபிரெஞ்சுப் படையில் பணியாற்றிப் பென்ஷன் வாங்கும் குடும்பங்களை ஊரில் ‘சொல்தா’ வீடு என்றே சொல்வார்கள். அங்கே பல பிள்ளைகளுக்கு ஃபிரெஞ்சு வீட்டுக்குள் காதில் விழும் மொழி. நான் இங்கே பேசுவது அந்த வாய்ப்பு இல்லாத பிள்ளையைப் பற்றி: சென்னையிலோ கோவையிலோ மதுரையிலோ வாரத்துக்கு மூன்று பீரியடு மட்டும் ஃபிரெஞ்சைக் கேட்கிற பதினொரு வயதுப் பிள்ளை.

பதினொரு வயது தாமதமா? “சின்ன வயசுலயே ஆரம்பிச்சிருக்கணும்” என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. ஆனால் பள்ளிக்கூட நிலைமையில் நடந்த ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. இங்கிலாந்தில் 1960களில் எட்டு வயதிலேயே ஃபிரெஞ்சைத் தொடங்கிப் பார்த்தார்கள். கிளேர் பர்ஸ்டால் தலைமையில் அந்தப் பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 1974இல் அறிக்கை வந்தது. பதினொரு வயதில் தொடங்கியவர்களோடு பதினாறு வயதில் ஒப்பிட்டபோது, கேட்டுப் புரிந்துகொள்வதில் மட்டுமே எட்டு வயதில் தொடங்கியவர்களுக்குக் கொஞ்சம் அனுகூலம் இருந்தது. மற்றவற்றில் நிலைத்த முன்னிலை ஏதும் இல்லை. நெதர்லாந்துக்குக் குடிவந்த ஆங்கிலம் பேசும் குடும்பங்களை ஆராய்ந்து 1978இல் வெளியான ஆய்வில், டச்சு மொழியை மிக வேகமாகப் பிடித்துக்கொண்டவர்கள் பன்னிரண்டு முதல் பதினைந்து வயதுக்காரர்கள். பார்சிலோனாவில் கார்மென் முன்யோஸ் குழுவினர் நடத்திய நீண்ட ஆய்வும் இதே திசையில்தான் போகிறது. ஒரே அளவு மணிநேரம் கிடைத்தால், எட்டு வயதில் தொடங்கியவர்களைவிடப் பதினொரு வயதில் தொடங்கியவர்கள் முன்னே இருந்தார்கள்.

காரணம் விளங்கக்கூடியதுதான். நாள் முழுக்க ஒரு மொழியில் மூழ்கிக் கிடந்தால் சிறு குழந்தை அதைத் தானாகவே உறிஞ்சிக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்றால் உறிஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. அங்கே ஒப்பிட்டுப் பார்க்கவும் விதியைக் கண்டுபிடிக்கவும் தெரிந்த மூளை வேண்டும். அது ஆறாம் வகுப்பில் இருக்கிறது. கூடவே கூச்சமும் வந்துவிடுகிறது. குரல் உடையத் தொடங்கிய பையன், தொண்டையில் உரசும் ஃபிரெஞ்சு ‘ர’வைத் தனியாக எழுந்து நின்று சொல்ல மாட்டான். நாற்பது பேரும் சேர்ந்து சொன்னால் அவன் குரல்தான் ஓங்கி ஒலிக்கும். இந்த வயதுக்குப் பாடம் சொல்பவர்கள் இதை முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டும். தனியாக நிறுத்திக் கேட்பது பிறகு.

முறைகளின் வரலாறு நீளமானது, சுருக்கமாகவே சொல்கிறேன். இலக்கணம், மொழிபெயர்ப்பு, மனப்பாடம் என்ற பழைய வழிக்கு எதிராக 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் நேர்முறை எழுந்தது. தாய்மொழியே வகுப்பில் கூடாது என்றது அது. 1950களில் ழோர்ழ் கூகெனைம் குழுவினர் மக்கள் பேசியதை ஒலிப்பதிவு செய்து, அன்றாடப் பேச்சுக்கு இன்றியமையாத சுமார் 1,500 சொற்களைப் பிரித்தெடுத்தார்கள். எந்தச் சொல்லை முதலில் கற்பிப்பது என்பதற்கு ஓர் அடிப்படை கிடைத்தது அப்போதுதான். அதன்மேல் ஒலிநாடாவும் படச்சுருளும் சேர்ந்த பாடங்கள் எழுந்தன. 1970களில் உரையாடலை மையமாக வைத்த அணுகுமுறை வந்தது. இன்னொரு பக்கம், 1965இல் கியூபெக்கின் செயின்ட் லாம்பர்ட்டில் ஆங்கிலம் பேசும் பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிப் பாடங்களையே ஃபிரெஞ்சில் நடத்தச் செய்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஃபிரெஞ்சுக்காரர்களைப் போலவே கேட்டுப் புரிந்துகொண்டார்கள். பேச்சிலும் எழுத்திலும் இலக்கணப் பிழை நீங்கவில்லை. கேட்டால் மட்டும் போதாது, பேசவைக்கவும் வேண்டும் என்று மெரில் ஸ்வெய்ன் 1985இல் வாதிட்டது இதிலிருந்துதான்.

இந்த முறைகளில் ஒன்றுகூட நம் வகுப்புக்கு முழுதாக வந்து சேரவில்லை. நம்மிடம் இருப்பது பழைய இலக்கண வழிதான். அதுவும் ஆங்கிலம் வழியாக. புத்தகத்தில் வாக்கியம் ஃபிரெஞ்சில், விளக்கம் ஆங்கிலத்தில், பொருளும் ஆங்கிலத்தில். தமிழ்ப் பிள்ளை ஒரு தூரத்து மொழியை இன்னொரு தூரத்து மொழியின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிறாள். என் முக்கியமான குறை இதுதான். இதை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முன்னிலையை எடுத்துக்கொள்வோம். ஃபிரெஞ்சில் ‘த்யூ’, ‘வூ’ என்று இரண்டு உண்டு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘யூ’ ஒன்றுதான் என்பதால் ஆங்கில வழிப் புத்தகம் இதற்கு அரைப்பக்கம் விளக்கம் எழுதுகிறது. தமிழில் ஒரே வரி: ‘த்யூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள். நம் ‘நீங்கள்’ பன்மைக்கும் மரியாதைக்கும் பொதுவாக இருப்பதுபோலவே ‘வூ’வும் இருக்கிறது. டீச்சரை ‘நீ’ என்று கூப்பிடக் கூடாது என்பதை எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேறுபாட்டை மட்டும் சொன்னால் போதும்: அங்கே பிள்ளைகள் அப்பா அம்மாவையும் பெரும்பாலும் ‘த்யூ’ என்றுதான் அழைப்பார்கள். கடவுளையும் ‘த்யூ’ என்பார்கள். அதில் நாமும் அவர்களும் ஒன்று.

வயதைச் சொல்ல ஃபிரெஞ்சில் ‘இருக்கிறேன்’ என்ற வினை வராது. ‘எனக்கு உண்டு’ என்ற பொருள் தரும் வினைதான் வரும். ‘ஜே தூஸ் ஆன்’. ஆங்கிலத்தில் நினைக்கிற பிள்ளை ‘ஜெ சுயி தூஸ்’ என்று எழுதும். அந்தப் பிழையை நான் ஆயிரம் முறை சிவப்பு மையில் அடித்திருக்கிறேன். தமிழில் நினைத்தால் அந்தப் பிழைக்கே வழியில்லை. ‘எனக்குப் பன்னிரண்டு வயது’, ‘எனக்குப் பசிக்கிறது’, ‘எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள்’: மூன்றையும் நாம் ‘எனக்கு’ என்று தொடங்குகிறோம். ஃபிரெஞ்சு மூன்றையும் ‘ஜே’ என்று தொடங்குகிறது. வயது, பசி, தங்கை மூன்றுக்கும் ஒரே வினை என்று ஒரு பீரியடில் சொல்லிவிடலாம்.

வினைத் திரிபும் அப்படித்தான். பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறோம் என்று ஆளுக்கு ஆள் விகுதி மாறுவது தமிழ்ப் பிள்ளைக்குப் புதிதல்ல. ஆங்கிலத்தின் வழியாகப் போகும்போதுதான் அது விசித்திரமாகிறது. எழுத்தில் ஒன்று, பேச்சில் ஒன்று என்ற இரட்டை வழக்கும் நமக்குப் பழக்கம். ஃபிரெஞ்சில் எதிர்மறைக்கு ‘ன’, ‘பா’ என்ற இரண்டு துண்டுகளையும் எழுத வேண்டும். பேசும்போது முதல் துண்டு பெரும்பாலும் விழுந்துவிடும். “எழுதும்போது ‘வருகிறேன்’, பேசும்போது ‘வரேன்’, அது போல” என்றால் வகுப்பு உடனே தலையாட்டும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் புணர்ச்சி. தமிழ் வகுப்பில் மணி, அடித்தது இரண்டும் சேர்ந்து ‘மணியடித்தது’ ஆவதைப் பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டு உயிர் மோதாமல் நடுவில் யகரம் வந்து உடம்படுத்துகிறது. ஃபிரெஞ்சில் ‘ஆ’ என்ற வினையும் ‘இல்’ என்ற சுட்டுப்பெயரும் கேள்வியில் சேரும்போது ‘ஆதில்’ ஆகும். நம் யகர வகரங்கள் செய்யும் வேலையை அங்கே தகரம் செய்கிறது. வீடு, இல்லை சேர்ந்தால் உகரம் கெட்டு ‘வீடில்லை’. அங்கே ‘லெ’, ‘ஆர்ப்ர்’ சேர்ந்தால் எகரம் கெட்டு ‘லார்ப்ர்’. பன்மையில் ‘லே’ என்பதன் கடைசியில் ஊமையாகக் கிடக்கும் மெய், உயிரெழுத்தில் தொடங்கும் ‘அமி’யைக் கண்டதும் விழித்துக்கொண்டு ‘லேஸமி’ ஆகிறது. ஆங்கிலத்தில் இவற்றை விளக்கத் தனிக் கலைச்சொற்களும் விதிகளும் வேண்டும். தமிழில், போன வாரம் தமிழய்யா நடத்தியதை நினைவுபடுத்தினால் முடிந்தது.

ஒலிக்கு வருவோம். ஃபிரெஞ்சின் மூக்கொலி உயிர்கள் பயமுறுத்துபவை என்று பெயர் வாங்கியவை. பேச்சுத் தமிழில் நாம் அவற்றை நாள் முழுக்க ஒலிக்கிறோம். ‘மரம்’ என்பதைப் பேச்சில் எப்படி முடிக்கிறோம்? உதடு மூடுவதில்லை, ஓகாரம் போன்ற ஓர் ஒலி மூக்கில் போய் நிற்கிறது. ‘நல்லது’ என்ற பொருள் தரும் ‘போன்’ என்ற ஃபிரெஞ்சுச் சொல்லின் ஒலி அதுவே. ‘வந்தான்’ என்பதன் கடைசி, ‘உள்ளே’ என்ற பொருள் தரும் ‘தான்’னுக்கு நெருங்கிய உறவு. ‘அவன்’ என்று விரைந்து சொல்லும்போது கேட்கும் முடிவு, ரொட்டியைக் குறிக்கும் ‘பேன்’னுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஃபிரெஞ்சின் தகரமும் நம் தகரத்தைப்போல நுனிநாக்குப் பல்லில் பட்டு, மூச்சு வெடிக்காமல் வருவது. ஆங்கில மீடியம் பிள்ளைகள் அதை ஆங்கில டகரமாக்கி, மூச்சைத் தள்ளிச் சொல்கிறார்கள். “ஆங்கிலத்தை விடு, ‘தம்பி’ன்னு சொல்ற மாதிரி சொல்லு” என்று திருத்தினால் அடுத்த நிமிடம் சரியாகிறது.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு. உயிரற்ற பொருளெல்லாம் நமக்கு அஃறிணை. மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்றால் பிள்ளை நியாயமாகவே ஏன் என்று கேட்கும். அதற்குக் காரணம் சொல்ல முயல்வது வீண். ‘லிவ்ர்’ என்று தனியாக ஒருபோதும் எழுதவிடாமல் ‘அன் லிவ்ர்’, ‘யூன் தாப்ல்’ என்று பால்காட்டும் சொல்லோடு சேர்த்தே வாயில் பழக்க வேண்டும். நீலத்திலும் சிவப்பிலும் எழுதவைப்பது உதவுகிறது. ‘நான் மகிழ்ச்சியாக இருக்கிறேன்’ என்று தமிழில் ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி சொல்லலாம். ஃபிரெஞ்சில் பையன் ‘கோந்தான்’, பெண் ‘கோந்தாந்த்’. உதட்டை உகரத்துக்குக் குவித்து, நாக்கை இகரத்தில் வைக்கும் அந்த ‘த்யூ’வின் உயிரொலி தமிழிலும் இல்லை, ஆங்கிலத்திலும் இல்லை, கண்ணாடி பார்த்துப் பழகவேண்டியதுதான். வாக்கியத்தில் வினை நடுவில் வருவதற்கு ஆங்கிலம் துணை செய்யும். தொண்ணூறை ‘நான்கு இருபது பத்து’ என்று சொல்கிறார்களே என்று பிள்ளைகள் சிரிக்கிறபோது, நம் தொண்ணூறுக்குள் நூறும் தொள்ளாயிரத்துக்குள் ஆயிரமும் இருப்பதைக் காட்டுவேன். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் ‘நோனாந்த்’ என்று எளிதாகச் சொல்கிறார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வேன்.

வகுப்பில் எல்லாரும் தமிழர்களா என்று கேட்கலாம். இல்லை. தெலுங்கு, மலையாளம், இந்தி பேசும் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கிறார்கள். அது இடைஞ்சல் இல்லை. தெலுங்குப் பிள்ளைக்கு ‘நுவ்வு’, ‘மீரு’ இருக்கிறது. பொருளுக்குப் பால் இருப்பதை விளக்க இந்தி பேசும் பிள்ளையைவிடச் சிறந்த துணை எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் வீட்டு மொழியில் இது எப்படி என்று கேட்டால், ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் வாய் திறக்கிறது. வீட்டு மொழியிலிருந்து நேராக ஃபிரெஞ்சுக்குப் போவதும் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து முசே, துப்புயி என்ற பாதிரியார்கள் தமிழ்–ஃபிரெஞ்சு அகராதியை இரண்டு தொகுதியாக வெளியிட்டார்கள். ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமலே இரண்டு மொழிகளும் பேசிக்கொண்ட வழி அது. நம் பள்ளிப் புத்தகங்கள் அந்த வழியைப் பயன்படுத்தவில்லை.

காதும் கண்ணும் எந்த வரிசையில் வரவேண்டும் என்பது அடுத்தது. எழுதியதை அப்படியே வாசிக்கும் மொழியில் வளர்ந்த பிள்ளை, ஃபிரெஞ்சு எழுத்தைப் பார்த்ததும் எல்லா எழுத்தையும் உச்சரிக்கும். ‘பேசுகிறேன்’, ‘பேசுகிறாய்’, ‘பேசுகிறார்கள்’ என்ற மூன்றுக்கும் ஃபிரெஞ்சில் எழுத்து வேறு, ஒலி ஒன்று: ‘பார்ல்’. எழுத்தை முதலில் காட்டினால் மூன்றாவதை ‘பார்லென்ட்’ என்று படிக்கும். ஒருமுறை அப்படிப் பதிந்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் போகாது. அதற்காக எழுத்தை மாதக்கணக்கில் ஒளித்துவைக்கவும் கூடாது. ஒலிநாடாக் காலத்துப் பாடங்கள் அப்படிச் செய்தன. ஆனால் பன்னிரண்டு வயதுக்காரன் தன் கண்ணால் பார்க்காததை நம்ப மாட்டான், நோட்டின் ஓரத்தில் தானே ஓர் எழுத்துமுறையைக் கண்டுபிடித்து எழுதிக்கொள்வான். முதல் இரண்டு மூன்று வாரம் காதும் வாயும் மட்டும்; பிறகு எந்த எழுத்துக்கூட்டுக்கு எந்த ஒலி என்பதை முறையாக, வாரத்துக்கு ஒன்றிரண்டாக. 2016இல் இங்கிலாந்தில் வெளியான மொழிக் கல்வி மறுஆய்வும் ஒலி–எழுத்து உறவை வரிசைப்படுத்திக் கற்பிப்பதைச் சொற்களுக்கும் இலக்கணத்துக்கும் சமமாக வைத்தது. என் அனுபவமும் அதை ஒட்டியே இருக்கிறது.

நேரம் இல்லை என்பது எல்லாரும் சொல்லும் காரணம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வாரம் மூன்று பீரியடு, பீரியடுக்கு 40 நிமிடம் என்றால் இரண்டு மணி நேரம். ஆண்டுக்கு 35 வாரம் கிடைத்தால் 70 மணி நேரம். ஆறு முதல் எட்டு வரை 210. ஐரோப்பிய மொழித்திறன் வரையறையின் முதல் படியான ஏ1க்குப் பொதுவாக 60 முதல் 100 மணி நேரம் என்று கணிக்கிறார்கள். ஆகவே மூன்றாண்டுக்குப் பின் ஏ1ஐத் தாண்டி அடுத்த படியில் பாதி ஏறியிருக்க வேண்டும். நேரம் இருக்கிறது, செலவாகும் விதம்தான் சரியில்லை. நாற்பது பேரும் ஆளுக்கு ஒரு நிமிடம் டீச்சரிடம் பேசினால் பீரியடே முடிந்துவிடும். பக்கத்தில் இருப்பவரோடு இரண்டிரண்டு பேராகப் பத்து நிமிடம் பேசவிட்டால் ஒவ்வொருவருக்கும் ஐந்து நிமிடம் கிடைக்கும். வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும். அந்த இரைச்சலைக் கேட்டுத் தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் பயப்படாமல் பதில் சொல்லும் துணிவு ஃபிரெஞ்சு ஆசிரியருக்கு வேண்டும்.

ஆசிரியரின் துணிவைப் பரீட்சை தின்றுவிடுகிறது. சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பில் 80 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, உள்மதிப்பீடு 20. ஆறாம் வகுப்புக் கேள்வித்தாளே அந்தப் பத்தாம் வகுப்புத் தாளின் நிழலாக இருக்கிறது: கோடிட்ட இடம், வினைத் திரிபு, ஐந்து வரி எழுதுக. ஃபிரெஞ்சு அரசின் டெல்ஃப் தேர்வில் கேட்டல், வாசித்தல், எழுதுதல், பேசுதல் நான்குக்கும் தலா 25; தேறுவதற்கு 50 வேண்டும், எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக் கூடாது. வாய் திறக்காதவர் அதில் தேற முடியாது. ஆறு, ஏழு, எட்டுக்குப் பொதுத்தேர்வு கிடையாது. அந்த மூன்றாண்டுக் கேள்வித்தாளைப் பள்ளியே தயாரிக்கிறது. நான்கு திறனுக்கும் சம மதிப்பெண் என்று மாற்ற எந்த வாரியத்தின் அனுமதியும் தேவையில்லை.

என்ன படிக்கக் கொடுப்பது? ஆர்வமுள்ள ஆசிரியர்கள் ‘குட்டி இளவரசன்’ நூலின் மூலத்தைச் சீக்கிரமே கொடுத்துவிடுகிறார்கள். மதனகல்யாணியும் வெ. ஸ்ரீராமும் தமிழாக்கிய அந்த நூலைத் தமிழில் எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்கலாம். ஃபிரெஞ்சில் அது பேச்சில் வழங்காத ஓர் இறந்தகால வடிவத்தில் நிறைய நடக்கிறது. எட்டாம் வகுப்புக்கு எட்டாது. கோசினியின் ‘லெ பெத்தி நிக்கோலா’ ஒரு பள்ளிச் சிறுவன் பேசும் மொழியில் இருப்பதால் அதற்கு முன் வரத்தக்கது. அதற்கும் முன் காமிக்ஸ். சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் மூலம் லக்கி லூக் பல தமிழ் வீடுகளில் ஏற்கெனவே உறுப்பினர். தமிழில் படித்துச் சிரித்த கதையின் ஃபிரெஞ்சுப் பக்கம் ஒன்றைக் கையில் கொடுத்தால் பிள்ளைகள் அகராதி கேட்பதில்லை, படமும் நினைவும் வழிகாட்டுகின்றன.

எல்லாவற்றுக்கும் மேலே கொள்கை என்ற நிச்சயமின்மை இருக்கிறது. 2014 நவம்பரில், கல்வியாண்டின் நடுவில், கேந்திரிய வித்யாலயாக்களின் நடுநிலை வகுப்புகளில் மூன்றாம் மொழியாக இருந்த ஜெர்மன் எடுக்கப்பட்டுச் சமஸ்கிருதம் வைக்கப்பட்டது. 2020 தேசியக் கல்விக் கொள்கை மூன்று மொழிகளில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்க வேண்டும் என்கிறது. ஃபிரெஞ்சு போன்றவற்றை உயர்நிலைக்கு ஒதுக்குகிறது. அப்படி நடந்தால் நடுநிலையில் ஃபிரெஞ்சு மேலும் சுருங்கும். அந்த விவாதம் பெரியது, அரசியலும் கொண்டது. எந்தப் பக்கம் முடிந்தாலும், இன்று வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இந்த மூன்றாண்டு திரும்பக் கிடைக்காது.

ஆகவே வரும் ஜூனில் ஆறாம் வகுப்புக்குள் நுழையப்போகும் ஃபிரெஞ்சு ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பத்துப் பீரியடுக்கு நோட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். பேர், வயது, ஊர், பிடித்தது, பிடிக்காதது இவற்றை வாயால் மட்டும் பழக்குங்கள். விளக்க வேண்டிய இடத்தில் கூச்சப்படாமல் தமிழில் விளக்குங்கள். பெற்றோரிடமும் ஒன்று. பிள்ளை வீட்டுக்கு வந்ததும் ஃபிரெஞ்சில் எத்தனை மார்க் என்று கேட்பதற்கு முன், “எங்கே, ஒரு வாக்கியம் சொல்லு, கேக்குறேன்” என்று சொல்லுங்கள்.